குண்டை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைப்பது? ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்புபவர்களின் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்து, வேட்டையோ குறிபார்த்துச் சுடுவதோ பழகி, அப்புறம் கடைத் தோட்டா விலையைப் பார்த்து மிரண்டு, கேரேஜில் ஒரு பிரஸ் வாங்கி மாட்டிய தமிழ் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. மருந்து எடை போடுவதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். குண்டை எந்த ஆழத்தில் உட்கார வைப்பது என்ற இடத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். பல வருடங்களாக வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்கள். தோட்டா என்றால் முழுத் தோட்டா. குண்டு என்றால் அதன் நுனியிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும். கூடு என்றால் பித்தளை கேஸ். மருந்து என்றால் உள்ளே கொட்டும் புகையில்லா மருந்து. பிரைமர் என்றால் கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. அறை என்றால் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம், போல்ட் என்றால் அதைப் பின்னாலிருந்து மூடும் தண்டு. குழலுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் மேட்டு வரிகளை இங்கே எல்லோரும் லேண்ட்ஸ் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். லேத் பட்டறையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 40 தவ் என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்.

சீட்டிங் டெப்த் என்பது சரியாக எதை அளப்பது?

பெயரைப் பார்த்தால் குண்டு கூட்டின் கழுத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தோன்றும். நடைமுறையில் யாரும் அதை அளப்பதில்லை. அளப்பது இரண்டு நீளங்களை. ஒன்று, கூட்டின் அடியிலிருந்து குண்டின் நுனி வரை, அதாவது மொத்த நீளம். இன்னொன்று, அடியிலிருந்து குண்டின் தோள் வளைவில் லேண்ட்ஸ் தொடும் விட்டம் வரை. அந்த வளைவுக்கு ஓஜைவ் என்று பெயர்.

தோட்டாவை அறையில் போட்டு போல்ட்டை மூடியதும், ஓஜைவுக்கும் லேண்ட்ஸுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். சுட்டதும் குண்டு அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்த்தான் லேண்ட்ஸைப் பிடிக்கிறது. அந்தத் தாண்டலுக்கு ஜம்ப் என்று பெயர். இடைவெளியே இல்லாமல் குண்டு லேண்ட்ஸில் அழுந்தி நின்றால் ஜாம். ஆழத்தைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் இந்த ஜம்ப் எத்தனை தவ் என்று தீர்மானிப்பதுதான்.

இவ்வளவு சின்ன விஷயம் குறியை மாற்றுமா?

மாற்றும். குண்டு லேண்ட்ஸுக்குள் நுழையும் நொடியில் நேராக நுழைகிறதா, ஒரு துளி சாய்ந்து நுழைகிறதா என்பது பெரிய விஷயம். சாய்ந்து நுழைந்தால் அதன் எடை மையம் சுழலும் அச்சிலிருந்து விலகி நிற்கும், வெளியே வந்ததும் தன் வழியில் போகும். ஜம்ப் மாறினால் அழுத்தம் ஏறும் வேகமும், குண்டு குழல் வாயை விட்டு வெளியேறும் நேரமும்கூடச் சற்று மாறும்.

ஆனால் இதன் பங்கை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். மட்டமான குண்டையும் தேய்ந்த குழலையும் எந்த ஆழமும் காப்பாற்றாது. நல்ல குழல், நல்ல குண்டு, சீரான மருந்து எடை, இவை மூன்றும் இருந்தால்தான் ஆழத்தின் வித்தியாசம் காகிதத்தில் தெரியும்.

கையேட்டில் ஒரு நீளம் போட்டிருக்கிறதே, அதையே வைத்தால் என்ன?

தாராளமாக வைக்கலாம். முதல் 50 தோட்டாவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மட்டும் போதும். அமெரிக்காவில் 1926-இல் தொடங்கப்பட்ட, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தரக் கழகம் ஒன்று உண்டு. அதன் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து 'ஸாமி' என்பார்கள். நம் சாமி இல்லை, ஆனால் இங்கே சிலர் அந்த அளவுக்குத்தான் பயபக்தியோடு இருக்கிறார்கள். .308 வின்செஸ்டருக்கு மொத்த நீளம் அதிகபட்சம் 2.810 அங்குலம், 6.5 கிரீட்மோருக்கு 2.825, .223 ரெமிங்டனுக்கு 2.260 என்று அந்தக் கழகம் வகுத்திருக்கிறது. எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவும் எந்தத் துப்பாக்கியின் மாகஸினிலும் அறையிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக வந்த எண் அது. உங்கள் துப்பாக்கியின் லேண்ட்ஸ் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கையேட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் எழுதியிருக்கும் நீளம் வேறு சமாச்சாரம். அவர்கள் சோதித்த குழலில், அந்த நீளத்தில் வைத்து, அந்த மருந்து அளவுக்கு அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். அதைவிட ஆழமாக இறக்கினாலோ லேண்ட்ஸை முட்டும்படி வெளியே விட்டாலோ, அவர்கள் அளந்த நிலை மாறிவிடுகிறது. அப்போது மருந்தை ஆரம்ப அளவுக்குக் குறைத்து, மறுபடி படிப்படியாக ஏற வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

லேண்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வழி சொல்கிறேன், இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, கடையில் கிடைக்கும் நீளமானி. ஹார்னடி நிறுவனத்தின் கருவிதான் அதிகம் புழங்குகிறது. அடியில் மரை போட்ட ஒரு கூட்டை அதன் தண்டில் திருகி, கழுத்தில் குண்டைத் தளர்வாக வைத்து அறைக்குள் தள்ள வேண்டும். கூட்டின் தோள் அறையில் முட்டிய பிறகு, உள்ளே இருக்கும் குச்சியால் குண்டை மெல்ல முன்னே தள்ளினால் லேண்ட்ஸில் போய் நிற்கும். 'மெல்ல' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் குண்டு லேண்ட்ஸுக்குள் செருகிக்கொள்ளும், அளவு 5, 10 தவ் கூடுதலாகக் காட்டும். விரல் நுனியால் தட்டுகிற அளவு போதும்.

என் 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடை அளவு) குண்டு ஒன்றை வைத்து ஐந்து முறை அளந்தபோது, ஓஜைவ் வரை 2.238, 2.237, 2.238, 2.241, 2.238 என்று வந்தது. அந்த 2.241 நான் அழுத்தியதால் வந்தது என்று கைக்கே தெரிந்தது. அதைத் தள்ளிவிட்டு 2.238 என்று நோட்டில் எழுதினேன். ஒரே முறை அளந்து அது 2.241 ஆக அமைந்திருந்தால், அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு ஜம்ப் கணக்கும் 3 தவ் தப்பாகப் போயிருக்கும்.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் வாங்கும் மரைக் கூட்டின் தோள், உங்கள் அறையில் சுட்டு விரிந்து, பிறகு டையில் (பிரஸ்ஸில் மாட்டும் அச்சில்) அழுத்திய கூட்டின் தோளைவிடச் சில தவ் பின்னால் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அல்லது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்ட ஒரு கூட்டை லேத் பட்டறையில் கொடுத்து மரை போட்டுக்கொள்ளலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், கணக்குப் போடும் வேலை மிச்சம்.

இரண்டாவது வழிக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிடுங்கள். இப்போது வெறும் கூட்டை உள்ளே வைத்தால் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே விழ வேண்டும். மருந்தும் பிரைமரும் இல்லாத கூட்டில் குண்டை நீளமாக உட்கார வைத்து, அறையில் போட்டு போல்ட்டை மூடித் திறங்கள். லேண்ட்ஸ் குண்டைப் பிடித்திருந்தால், கைப்பிடியைத் தூக்கும்போது உச்சியில் ஒரு சிறு 'டிக்' கேட்கும், கையிலும் தெரியும். 2 தவ் இறக்குங்கள். மறுபடி மூடித் திறங்கள். அந்த 'டிக்' மறைகிற நீளம்தான் லேண்ட்ஸைத் தொடும் நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ரேடியோவை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அளவு மிகத் திருத்தமாக வரும்.

எந்த வழியானாலும் சரி, மருந்து உள்ள தோட்டாவை வைத்து வீட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள். அளவுத் தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு வைத்தால் பிறகு குழப்பமே வராது.

மொத்த நீளத்தை அளந்தால் போதாதா? எதற்கு இன்னொரு கருவி?

ஒரே டப்பாவிலிருந்து பத்துக் குண்டை எடுத்து நுனி வரை அளந்து பாருங்கள். திறந்த நுனியுள்ள குண்டுகளில் நுனி சொரசொரப்பாக, ஒன்றுக்கொன்று பல தவ் மாறியிருக்கும். நுனி லேண்ட்ஸைத் தொடுவதே இல்லை, எனவே அது கூடிக் குறைந்தால் ஜம்ப்புக்கு ஒன்றும் ஆகாது. ஓஜைவ் வரை அளக்க, காலிப்பரில் கம்பாரேட்டர் என்று ஒரு சிறு துண்டை மாட்ட வேண்டும். அதில் உள்ள துளை குண்டின் வளைவில் போய் உட்காரும்.

இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் கம்பாரேட்டரில் 2.218 என்று வருவது இன்னொன்றில் 2.205 என்று வரலாம். துளையின் விட்டம் மாறுவதால் அப்படி. ஆகவே உங்கள் எண்ணை நண்பருக்குச் சொல்லிப் பயனில்லை, அவர் எண்ணை நீங்கள் கேட்டும் பயனில்லை. ஜம்ப் எவ்வளவு என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

மொத்த நீளம் ஒரே ஒரு இடத்தில் வேண்டும். அது மாகஸின்.

மாகஸினில் அடங்கவில்லை என்றால்?

அப்போது மாகஸின்தான் முதலாளி. அதன் உள் நீளத்தை அளந்து, 20, 30 தவ் கழித்துக்கொண்டு, அதற்குள் வரும் ஆழங்களில் மட்டும் தேடுங்கள். லேண்ட்ஸ் இன்னும் 100 தவ் முன்னால் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் இது தினசரிப் பிரச்சினை. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அங்கே சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் சுடுபவர்கள் இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடிக்கும். 200, 300 கெஜத்தில் வேகமாகச் சுடும் சுற்றுக்கு, மாகஸினில் அடங்கும் 77 கிரெய்ன் போன்ற குண்டு. 600 கெஜத்தில் நிதானமாகச் சுடும் சுற்றுக்கு 80 கிரெய்ன் குண்டை மாகஸினில் அடங்காத நீளத்துக்கு வெளியே விட்டு, ஒவ்வொன்றாகக் கையால் அறையில் வைத்துச் சுடுவார்கள். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு நீளத்தில் தோட்டா.

லேண்ட்ஸை முட்ட வைத்தால் குறி நன்றாக இருக்கும் என்கிறார்களே?

துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள். 1975 வாக்கில் உருவான 6 பிபிசி என்ற தோட்டாவை வைத்துக்கொண்டு, 100 கெஜத்தில் ஐந்து குண்டையும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போடும் ஆட்கள் அவர்கள். குழல், குண்டு, கழுத்தின் சுவர் தடிமன் எல்லாமே அவர்கள் கையில் அளந்து செய்தவை. அறையில் வைத்த தோட்டாவைச் சுடாமல் திரும்ப எடுக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு அபூர்வம்.

வேட்டைக்குப் போகிறவர் கதை வேறு, என் கதையையே சொல்கிறேன். டெக்சாஸில் ஒரு நவம்பர் மாலை. மான் எதுவும் வரவில்லை, இருட்டிவிட்டது. துப்பாக்கியைக் காலி செய்யலாம் என்று போல்ட்டை இழுத்தேன். கூடு மட்டும் வந்தது. குண்டு லேண்ட்ஸிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மருந்து முழுக்க ஆக்‌ஷனுக்குள் கொட்டி, ட்ரிகர் வரைக்கும் இறங்கியிருந்தது. தலை விளக்கு வெளிச்சத்தில் ஊதி ஊதிப் பார்த்தேன், ஊத ஊத அது இன்னும் உள்ளே போனது. குழல் வாய் வழியாகத் துடைக்கும் கோலை விட்டுத் தட்டித்தான் குண்டை வெளியே எடுக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து ட்ரிகரைக் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. அந்தத் தோட்டாக்களை 10 தவ் ஜாமில் நிரப்பியவன் நானேதான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

வேட்டைத் தோட்டாவுக்குக் குறைந்தது 15, 20 தவ் ஜம்ப் வைத்துக்கொள்ளுங்கள். குண்டுக்குக் குண்டு ஓஜைவ் சற்று மாறும். சரியாகத் தொடும் அளவில் வைத்தால் சிலது முட்டும், சிலது முட்டாது. இரண்டும் கலந்து நிற்பது எல்லாவற்றையும்விட மோசம்.

ஆழமாக இறக்கினால் அழுத்தம் கூடுமா, குறையுமா?

இரண்டு பேரும் இரண்டு பதில் சொல்லி அடித்துக்கொள்ளும் கேள்வி இது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

லேண்ட்ஸை முட்டி நிற்கும் குண்டு நகர ஆரம்பிக்கவே அதிக அழுத்தம் வேண்டும். அதற்குள் மருந்து வேகமாக எரிந்துவிடும், உச்ச அழுத்தம் ஏறும். குண்டைச் சற்று பின்னால் இறக்கினால், அது ஓட்டம் பிடித்து வந்து லேண்ட்ஸில் ஏறுகிறது, அதனால் அழுத்தம் குறையும். இன்னும் இன்னும் ஆழமாக இறக்கிக்கொண்டே போனால், மருந்து எரிய இருக்கும் இடம் சுருங்குகிறது, அழுத்தம் மறுபடி ஏறத் தொடங்கும். நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் மேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ரைஃபிளில் இரண்டாவது மேடு மெதுவாக ஏறும். .308-இல் 50 தவ் ஆழமாக இறக்கினால் இழக்கும் இடம் ஏறக்குறைய 1 கிரெய்ன் தண்ணீர் கொள்ளும் அளவு. கூட்டின் மொத்தக் கொள்ளளவோ 56 கிரெய்ன் தண்ணீர் அளவில் இருக்கும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குட்டிக் கூட்டில் அதே 50 தவ் இறங்கினால் ஆபத்து. அங்கே பழகியவர்கள் இங்கே அனாவசியமாகப் பயப்படுகிறார்கள், இங்கே பழகியவர்கள் அங்கே அலட்சியமாக இருக்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்குக் கவலை.

உங்கள் மருந்து அளவு ஏற்கெனவே உச்சத்தை ஒட்டி இருந்தால், ஜம்ப்பிலிருந்து ஜாமுக்குப் போகவே கூடாது. போல்ட் தூக்கக் கனமாக இருப்பது, பிரைமர் தட்டையாகிப் பரவுவது, கூட்டின் அடியில் எஜெக்டரின் வட்டத் தழும்பு விழுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைய சோதனையை நிறுத்திவிடுங்கள்.

எந்தக் குண்டுக்கு எங்கே தொடங்குவது?

குண்டின் வளைவைப் பாருங்கள். உடலிலிருந்து முனைக்கு வளைவு வழுவழுப்பாக ஆரம்பித்தால் அது டேன்ஜென்ட் வகை. சியராவின் பழைய மேட்ச்கிங் குண்டுகள் இந்தக் குடும்பம். இவை சாதுவானவை, 10-லிருந்து 60 தவ் வரை எங்கே வைத்தாலும் அநேகமாகக் கோபித்துக்கொள்ளாது. வளைவு ஒரு சிறு முனைப்போடு சட்டென்று ஆரம்பித்தால் சீகன்ட் வகை. காற்றை நன்றாகக் கிழிக்கும், ஆனால் ஆழத்துக்கு முகம் சுளிக்கும். இதில் பெயர் பெற்றது பெர்கரின் விஎல்டி குண்டுகள். இவற்றைப் பல வருடம் எல்லோரும் லேண்ட்ஸில் முட்டவிட்டுத்தான் சுட்டார்கள். பிறகு பெர்கர் நிறுவனமே, 10 தவ் ஜாமில் தொடங்கி 40, 80, 120 தவ் ஜம்ப் என்று நான்கு இடத்தில் சுட்டுப் பாருங்கள், ஏதோ ஒன்று மற்றதைவிடத் தெளிவாக நன்றாக இருக்கும் என்று சொல்லியது. ஜாம் வேண்டாம் என்கிற வேட்டைக்காரர்களுக்கு 10, 50, 90, 130 என்று எல்லாம் ஜம்ப். 120 தவ் என்றால் 3 மில்லிமீட்டர். அவ்வளவு தூரம் தாண்டிவந்து குண்டு நன்றாகச் சுடும் என்று முதலில் நம்பவே முடியாது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளுக்கு, உதாரணமாக பார்ன்ஸ் குண்டுகளுக்கு, 50 தவ்வில் ஆரம்பியுங்கள். உலோகம் கடினம், லேண்ட்ஸில் ஏற அதிக பலம் வேண்டும், ஆகவே அதற்கு ஓட இடம் கொடுக்க வேண்டும். நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது.

வெதர்பி மேக்னம் துப்பாக்கிக்காரர்கள் இந்தப் பகுதியைப் படித்து மனம் உடைய வேண்டாம். உங்கள் துப்பாக்கியில் லேண்ட்ஸுக்கு முன்னால் வேண்டுமென்றே நீண்ட வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். லேண்ட்ஸை எட்டவே முடியாது, எட்டத் தேவையும் இல்லை.

சரி, சோதனையை எப்படிச் செய்வது?

நான் செய்வது இப்படி. மருந்து அளவை நடுத்தரமாக, அழுத்தக் குறி எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்திவிடுகிறேன். பிறகு 20, 40, 60, 80, 100 தவ் ஜம்ப் என்று ஐந்து நீளம். ஒவ்வொன்றிலும் பத்து. ஐம்பது தோட்டாவா என்று வாயைப் பிளக்காதீர்கள், அடுத்த பதிலில் காரணம் இருக்கிறது. நீளத்துக்கு ஒரு நிறமாக மார்க்கர் பேனாவால் குண்டின் முனையில் பொட்டு வைத்துவிடுவேன். பெட்டி கவிழ்ந்தால் அதுதான் காப்பாற்றும்.

ரேஞ்சில் ஒரு நீளத்தில் பத்தையும் தொடர்ந்து சுடுவதில்லை. ஐந்து காகிதத்தை ஒட்டி, முதல் காகிதத்தில் 20 தவ் ஒன்று, இரண்டாவதில் 40 தவ் ஒன்று என்று வரிசையாகச் சுற்றி வருவேன். குழல் சூடாவது, காற்று மாறுவது, என் தோள் களைப்பது, எல்லாம் ஐந்து நீளத்துக்கும் சமமாகப் பங்காகிவிடும். இப்படிச் செய்யாமல், கடைசியாகச் சுட்ட நீளத்தை 'இது சரியில்லை' என்று பழி போட்டவர்கள் எத்தனையோ பேர்.

காகிதத்தைப் பார்க்கும்போது எது மிகச் சிறியது என்று நான் தேடுவதில்லை. எது வெளிப்படையாக மோசம் என்று பார்த்து அதைத் தள்ளுகிறேன். மிச்சமிருப்பதில் அடுத்தடுத்த இரண்டு மூன்று நீளங்கள் ஒன்றுபோல நன்றாக இருந்தால், அவற்றின் நடுவில் போய் உட்காருகிறேன். 40, 60, 80 மூன்றும் சுமாராக ஒன்று என்றால் 60. தனியாக 20 மட்டும் மிகச் சிறியதாக இருந்து, பக்கத்து 40 மோசமாக இருந்தால், 20-ஐ நான் நம்ப மாட்டேன். நாளைக்கு லேண்ட்ஸ் சில தவ் தேய்ந்தாலோ, குண்டின் புதிய லாட் சற்று மாறினாலோ, அந்த இடம் காலை வாரிவிடும். அகலமான இடம்தான் வேண்டும்.

மூன்று குண்டு சுட்டுப் பார்த்தால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

எல்லோரும் தோட்டாவை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரே மாதிரித் தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டால், குழுவின், அதாவது காகிதத்தில் ஓட்டைகள் பரவிய அகலத்தின், சராசரி அளவு 0.6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றாமலே அதில் 0.3-ம் வரும், 0.9-ம் வரும். தற்செயல் மட்டுமே அவ்வளவு ஆட்டுகிறது. அதே தோட்டாவைப் பத்துப் பத்தாகச் சுட்டால் சராசரி ஏறக்குறைய 0.95 அங்குலத்துக்குப் போகும். அதுதான் உங்கள் துப்பாக்கியின் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும் எண்.

இதை நம்பாத ஒரு நண்பரிடம் ஒரு விளையாட்டு ஆடினேன். ஒரே மருந்து, ஒரே ஆழம், பதினைந்து தோட்டா. மூன்று மூன்றாகப் பிரித்து, டப்பாவில் 20, 23, 26, 29, 32 என்று சும்மா எண் ஒட்டிக் கொடுத்தேன். சுட்டுவிட்டு வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா அண்ணே, 26-ல எப்படி இறுகியிருக்கு, 32-ல எப்படி விரிஞ்சிருக்கு!" உண்மையைச் சொன்னதும் அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை. இப்போது அவரும் பத்துப் பத்தாகத்தான் சுடுகிறார்.

3 தவ் படியில் ஆழத்தைத் தேடுவது பெரும்பாலானவர்களுக்கு இந்த விளையாட்டுதான். 20 தவ் படியில் தெரியாத வித்தியாசம், சராசரித் துப்பாக்கியில் 3 தவ் படியில் தெரியப்போவதில்லை.

முதலில் மருந்தா, ஆழமா?

சீகன்ட் குண்டு என்றால் ஆழம் முதலில், மற்றதெல்லாம் மருந்து முதலில். இது என் பழக்கம், சட்டமில்லை. எப்படியானாலும் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

கழுத்துக்குள் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்?

குண்டின் விட்டம் அளவுக்கு உள்ளே இருக்கட்டும் என்பது பழைய கைக்கணக்கு. .308 குண்டுக்கு .3 அங்குலம். குட்டைக் கழுத்துள்ள தோட்டாக்களில் அவ்வளவு கிடைக்காது, கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. ஆனால் லேண்ட்ஸைத் துரத்திக்கொண்டு போய், பையில் குலுங்கினால் சாய்ந்துவிடும் அளவுக்குக் குண்டை நுனிப் பிடியில் நிறுத்த வேண்டாம்.

ஒரே டை, ஒரே செட்டிங். ஆனாலும் நீளம் 3, 4 தவ் மாறுகிறதே?

டைக்குள் குண்டை அழுத்தும் தண்டை முதலில் சந்தேகப்படுங்கள். நீண்ட மூக்குக் குண்டு வைத்தால் தண்டின் குழியில் நுனி போய் முட்டும். வளைவைப் பிடித்து அழுத்த வேண்டிய தண்டு நுனியைப் பிடித்து அழுத்தும், நுனி ஒவ்வொன்றும் வேறு வேறு. குண்டின் தலையில் மெல்லிய வட்டத் தழும்பு விழுந்தால் தண்டு வளைவைப் பிடித்திருக்கிறது என்று பொருள். சில நிறுவனங்கள் இதற்கென்றே வேறு தண்டு விற்கின்றன.

தண்டு சரி என்றால் அடுத்த சந்தேகம் கழுத்து. ஒரு கூடு எட்டு முறை சுட்டது, இன்னொன்று புதியது என்று கலந்தால், ஒன்றில் குண்டு வழுக்கிப் போகும், இன்னொன்றில் கடினமாக இறங்கும். மருந்து கூட்டின் கழுத்து வரை நிறைந்து, குண்டு இறங்கும்போது நறநறவென்று கேட்டால், அது குண்டை மெல்ல வெளியே தள்ளும். மறுநாள் அளந்தால் நீளம் கூடியிருக்கும்.

ரெட்டிங், ஃபார்ஸ்டர் போன்றவர்களின் மைக்ரோமீட்டர் டை வாங்கினால் அளவு மாற்றுவது சுகம். ஆனால் மேலே சொன்ன இரண்டையும் அது குணப்படுத்தாது. 1 தவ் அங்கே இங்கே இருந்தால் விட்டுவிடுங்கள், போய்ச் சாப்பிடுங்கள்.

லீவர் ஆக்‌ஷனுக்கும் இதெல்லாம் உண்டா?

இல்லை. .30-30 போன்ற குழாய் மாகஸின் துப்பாக்கியில், குண்டின் இடுப்பில் உள்ள பள்ளக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்திக் கழுத்தை மடக்க வேண்டும். மடக்காவிட்டால் மாகஸின் ஸ்பிரிங்கின் தள்ளலில் குண்டு கூட்டுக்குள் போய்விடும். தட்டை மூக்குக் குண்டு அல்லது அதற்கென்று செய்த ரப்பர் போன்ற மென்நுனிக் குண்டு மட்டும். கூர்நுனிக் குண்டு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் குத்தி நிற்கும், அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

குழல் தேய்ந்தால் ஆழத்தை மாற்ற வேண்டுமா?

சுடச்சுட லேண்ட்ஸின் ஆரம்பம் எரிந்து முன்னால் நகரும். மருந்து அதிகம் கொள்ளும், சின்னத் துளைக் குழல்களில் வேகமாக, .308-இல் நிதானமாக. நான் 300 தோட்டாவுக்கு ஒரு முறை அளந்து தேதியோடு எழுதுகிறேன். லேண்ட்ஸ் 10 தவ் நகர்ந்துவிட்டது என்பதற்காக உடனே குண்டையும் 10 தவ் வெளியே விடுவதில்லை. குழு விரிந்தால்தான் தொடுவேன். அகலமான இடத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதன் லாபம் இதில்தான் தெரியும், பல நூறு தோட்டா வரைக்கும் டையைத் தொடவே வேண்டியிருக்காது.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. ஊருக்குப் போகும்போது பெட்டியின் மூலையில் ஒரு வெற்றுக் கூடு கிடந்தால்கூட விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள், இரண்டு முறை தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் வேண்டாம், விற்பதற்கு வேண்டும். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆழம் கண்டுபிடித்துவிட்டேன். பழைய நீளத்தில் நிரப்பி வைத்த நூறு தோட்டாவை என்ன செய்வது?

பழையது நீளம், புதியது குட்டை என்றால் பிரச்சினை சின்னது. மருந்து உச்சத்தை ஒட்டி இல்லை என்றால், டையைத் திருகி மறுபடி ஒரு முறை அழுத்தினால் வேலை முடிந்தது. பல மாதம் கிடந்த தோட்டாவாக இருந்தால், குண்டு கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடுபடும், பயப்பட வேண்டாம்.

பழையது குட்டை என்றால் குண்டை இழுத்து எடுப்பதைவிட, அவற்றைப் பழகுவதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். நின்றுகொண்டு சுடும்போது 0.3 அங்குல வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. டப்பாவின் மேல் பழைய நீளத்தைப் பெரிதாக எழுதி வைக்க மட்டும் மறக்காதீர்கள்.